வலையில்லா வேட்டம்

வலை பின்னிக் காத்திருப்பதே சிலந்தியின் தொழில் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பட்டும். காவிரி பாயும் மருதநிலத்தில் வலையே பின்னாத சிலந்திகளும் உண்டு. அவை நெற்குத்தின் அடியில் பதுங்கியிருந்து, இரையைக் கண்டதும் பாய்ந்து கவ்வும் வேடர்கள். நீர்மேல் கால் பாவி ஓடும், சேற்றில் ஓடும், தாளின் மேல் தலைகீழாகவும் ஓடும். பெண் சிலந்தி தன் முட்டைகளை வெண்பட்டுப் பொதியாக உருட்டி, வயிற்றின் கடைசியில் ஒட்டிக்கொண்டே வேட்டைக்குப் போகும். குஞ்சுகள் பொரிந்துவிட்டால் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். சூலும் சுமையும் வேட்டத்துக்கு இடையூறு என்று அது ஒருநாளும் வீட்டில் தங்கியதில்லை.

நாற்பது வயதுவரை அருள்மேரிக்கு இது தெரியாது. வயலில் ஓடுவதெல்லாம் பூச்சி, பூச்சியெல்லாம் பகை என்றே அவளும் வளர்ந்திருந்தாள்.

திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவில், குடமுருட்டியின் கிளைவாய்க்கால் பாயும் சிற்றூர் அவளுடையது. நாலு மா நிலம், ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். அதற்கு மேற்கே, மேலண்டை வயல் அவள் கணவனின் தம்பி கிளாட்சனுடையது. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்பவன். தெற்கே பக்கத்து வயல் இராஜாங்கத்துடையது; அறுபதைத் தொட்டவர், வாய்க்கு வரப்பு போடாதவர். கணவன் பெரியநாயகசாமி குவைத்துக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் போனதற்கும் ஒரு பூச்சிதான் காரணம். அந்த ஆண்டுச் சம்பாவைப் புகையான் தின்றது. கொசு அளவே உள்ள அந்தப் பழுப்புப் பூச்சி குத்தின் அடியில் ஆயிரமாய் மொய்த்துச் சாறு உறிஞ்சும். ஒரு வாரத்தில் பச்சை வயல் தீ வைத்ததுபோல் கருகிச் சாயும். நல்ல உழவன் பெரியநாயகசாமி. கருகிய வயலைப் பார்த்தவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அடுத்த தையில் பாஸ்போர்ட் எடுத்தான்.

அவன் போன பிறகு வயல் அவள் கைக்கு வந்தது. வேளாண்மைத் துறையார் ஊரில் வயல்வெளிப் பள்ளி என்று பதினான்கு வாரம் நடத்தியபோது, ஆண்கள் பாதிப்பேர் வளைகுடாவிலும் திருப்பூரிலும் இருந்தார்கள். மீதிப்பேர் பள்ளிக்கூடமா என்று சிரித்தார்கள். பெண்கள் போனார்கள். அருள்மேரி ஒரு வாரமும் தவறவில்லை. அங்கேதான் அவள் வேடர்களைக் கண்டுகொண்டாள். குத்தில் கிளைத்த ஒரு சிம்புக்கு ஒரு புகையான் என்று வந்தாலே ஆபத்து. ஆனால் குத்துக்கு ஒரு வேட்டைச் சிலந்தி காவல் இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது அங்கே அவள் கற்ற கணக்கு.

எண்ணுவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். விடியற்காலையில் செபமாலையோடு வயலில் இறங்குவாள். மாலையின் ஒரு மணிக்கு ஒரு குத்து. குத்தை விலக்கிப் பார்ப்பாள், எண்ணுவாள், மணியை நகர்த்துவாள். பத்து மணி முடிந்தால் வயலின் ஒரு மூலை முடிந்தது. ஐம்பது முடிந்தால் குறுக்காக முழு வயலும் முடிந்தது. செபமும் முடிந்திருக்கும்.

ஊர் சிரிக்க இது ஒன்று மட்டும் காரணமில்லை. நடவின்போது எட்டடிக்கு ஓரடி வெற்றிடமாகப் பட்டம் விட்டு நட்டிருந்தாள், காற்றும் வெயிலும் உள்ளே போவதற்காக. நெல் நட வேண்டிய மண்ணைச் சும்மா போட்டிருக்கிறாள் என்றார்கள். வரப்பின் பக்கங்களை மழித்தெடுக்கும் அண்டைவெட்டை அவள் செய்யவில்லை; சிலந்திகள் தங்கட்டும் என்று புல்லை விட்டு, இடையிடையே சிறு வைக்கோல் கட்டுகளையும் வைத்தாள். பெண்பிள்ளை விவசாயம், வரப்புக்குச் சவரம்கூட இல்லை என்றார் இராஜாங்கம்.

புதன்கிழமைதோறும் நுஸைபா வருவாள். முத்துப்பேட்டைப் பெண், சிலந்திகளைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிப்பவள். எரிசாராயம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பிகளோடு முழங்கால் சேற்றில் நிற்பாள். இந்த வேடர்களின் குலத்துக்குப் பார்டோசா என்று பெயர், உலகெங்கும் ஐந்நூறு வகைக்கும் மேல் கண்டு எழுதியிருக்கிறார்கள், பனிமலையிலும் இருக்கிறது, கடற்கரையிலும் இருக்கிறது என்றெல்லாம் அவள் சொன்னாள். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே பழுப்பு. உருப்பெருக்கியின் கீழ் மறைவுறுப்புகளைப் பார்த்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியும். இந்த நாலு மாவில் மட்டும் அவள் மூன்று வகை பிரித்திருந்தாள். ஒன்று நீர் நிற்கும் இடத்தை விட்டு நகராதது. ஒன்று வரப்பின் உலர்ந்த புல்லில் வாழ்வது. வயலில் நீர் வடிந்தால்தான் உள்ளே இறங்கும். மூன்றாவது எதுவென்று அவளால் இன்னும் சொல்ல முடியவில்லை.

“பேர் இன்னும் கிடைக்கல அக்கா.”

“பேர் வைக்கலைன்னா அது வேட்டைக்குப் போகாதா?” என்றாள் அருள்மேரி.

நுஸைபா சிரித்துக்கொண்டே குப்பியின் மேல் ஊர்ப்பெயரை எழுதி ஒட்டினாள்.

அந்த ஆண்டு கார்த்திகை மழை விட்டதும் புகையான் வந்தது. கிளாட்சன் ஊர்க்காரர்களைக் கூட்டினான். வெள்ளிக்கிழமை எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் மருந்து அடிப்பது, புதிதாக வந்த விசைத்தெளிப்பானைத் தானே தருவது என்று முடிவாயிற்று. ஒரு வயல் விட்டுப்போனாலும் அங்கிருந்து மற்ற வயலுக்குப் பரவும் என்றான். அது முழுப்பொய்யும் இல்லை. ஆகவே அவன் அண்ணியின் வயலுக்கு வந்து நின்றபோது அவனுக்குப் பின்னால் ஊரும் நின்றது.

“உங்களுதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கேன் அண்ணி.”

“எண்ணிப் பார்த்தீங்களா தம்பி?”

“எதை?”

“பூச்சியை.”

“பூச்சியை எவன் எண்ணுவான்? நீங்க பூச்சிக்குச் செபமாலை சொல்றீங்கன்னு கடைத்தெரு வரைக்கும் சிரிக்கிறாங்க.”

“செபம் மாதாவுக்கு. கணக்குதான் பூச்சிக்கு. சிம்புக்கு ஒண்ணு இருக்கு. குத்துக்கு ஒரு சிலந்தியும் இருக்கு. இன்னும் ரெண்டுக்கு வரல. என் வயலுக்கு வேணாம்.”

கிளாட்சன் கெட்டவனில்லை. தான் விற்பதைத் தானே நம்பியவன். அண்ணனின் நிலம் இன்னொரு முறை கருகிவிடக் கூடாது என்பது அவனுக்கு உண்மையான கவலை. அதனால் அவன் அவளோடு வாதிடவில்லை, குவைத்துக்குப் பேசினான். மறுநாளே பெரியநாயகசாமியிடமிருந்து தொலைபேசிக் கடை வழியே செய்தி வந்தது: மருந்து அடிக்க விடு; இந்தப் பயிர் கருகினால் பொங்கலோடு நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், நீ வீட்டைப் பார்.

ஒரு வரிதான். பதினான்கு வாரமும் நான்கு ஆண்டும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்று அவன் எண்ணியிருக்க வேண்டும். அவள் மறுமொழி அனுப்பவில்லை. மறுநாள் விடியலில் வழக்கம்போல் ஐம்பது மணியும் எண்ணினாள்.

வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குக் குவைத்திலிருந்து அழைப்பு வரும். கடைத்தெருவில் பக்கீர் முகம்மது நடத்தும் தொலைபேசிக் கடைக்கு அவள் சைக்கிளில் போய்க் காத்திருப்பாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பெரியநாயகசாமி பேசியதில்லை; உடம்பு, வானிலை, வைக்கிறேன், அவ்வளவுதான். ஊர் மருந்தடிக்கும் அன்றைக்கும், தன்னைக் கேட்காமல் வயலில் இறங்க மாட்டார்கள் என்று நம்பிப் போயிருந்தாள். மருந்தைப் பற்றிச் சண்டை வரும் என்று எதிர்பார்த்து அவள் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். அவனோ கொய்யாமரம் காய்த்ததா என்று கேட்டான். பசு எந்த மாதம் ஈனும் என்று கேட்டான். கோவில் கொடியேற்றத்துக்கு எந்த ஊர் மேளம் என்று கேட்டான். குரல் ஒருமுறை கடலைக் கடந்து வந்து, எதிரொலியாக இன்னொருமுறை வந்தது. கடிகாரம் மூன்று இருபதைத் தாண்டியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பக்கீர் முகம்மது வியப்போடு அவளையே பார்த்தார்.

“என்னங்க, இன்னிக்கு ஏன் இவ்வளவு நேரம் பேசுறீங்க?”

அவளுடைய கேள்வியே அவளுக்குத் திரும்பி வந்தது.

“தம்பி அடிச்சு முடிக்கட்டும்னுதான் அருளு. நீ அங்க நின்னா விட மாட்டே. உன் நல்லதுக்குத்தான்.”

அவள் வைக்கிறேன் என்று சொல்லவில்லை. அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். நான்கு ஆண்டுகளில் முதன்முறை.

இரண்டு கல் தொலைவை அவள் எப்படி மிதித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வாய்க்கால் மதகுக்கு வரும்போதே இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. மருந்தின் நெடி தொண்டையைப் பிடித்தது. தெளிப்பானை முதுகில் கட்டிய ஆள் மேலண்டை ஒரு மாவை முடித்துவிட்டு இரண்டாவதில் கால் வைத்திருந்தான். கிளாட்சன் வரப்பில் நின்றான். அவள் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, பயிருக்கு நடுவே நடந்து தெளிப்பானின் வாய்க்கு எதிரே போய் நின்றாள்.

“ஓரமாப் போங்கக்கா, மேல படும்,” என்றான் அந்த ஆள்.

“படட்டும்.”

அவன் கிளாட்சனைப் பார்த்தான். இயந்திரத்தை நிறுத்தினான். இரைச்சல் அடங்கியதும் வயலில் ஒரு தவளைகூடக் கத்தாதது எல்லாருக்கும் கேட்டது.

அவள் குனிந்து நீரைப் பார்த்தாள். கால்கள் சுருண்டு வேடர்கள் மிதந்தார்கள். நேற்று எண்ணிய குத்தின் அடியிலேயே ஒரு தாய்ச்சிலந்தி முட்டைப்பொதியைப் பற்றியபடி மல்லாந்து கிடந்தது. இறந்த பின்னும் பொதியை விடவில்லை. அழுவதற்கு அது நேரமில்லை. அந்த நீர் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மேல் ஒரு மாவில் விழுந்த நஞ்செல்லாம் பயிரினூடே கீழ் மூன்று மாவுக்கு வந்துகொண்டிருந்தது. வயலுக்கு உள்ளே வரப்பு ஏது, அதைத் தடுக்க?

தெற்கு வரப்பில் இராஜாங்கம் மண்வெட்டியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்க் கையை நீட்டினாள். மடையைத் திறக்கத்தான் கேட்கிறாள் என்று அவர் கொடுத்துவிட்டார். அவள் நேரே வயலின் நடுவே போனாள். நடவில் விட்டிருந்த பட்டங்களில் ஒன்று சரியாக ஒரு மாவுக்கும் மூன்று மாவுக்கும் இடையே வடக்குத் தெற்காக ஓடியது. ஊர் சிரித்த வெற்றிடம். ஒரு குத்தும் சாகாமல் அதன் வழியே சேற்றை வெட்டி வெட்டி மேலே அணைத்தாள். ஐந்து அடி, பத்து அடி என்று கரை எழும்பியது.

என்ன செய்கிறாள் என்பது கிளாட்சனுக்குத்தான் முதலில் புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்தான். டெல்டாவில் ஒரே வயலுக்குள் குறுக்கு வரப்பு எழுப்புவது ஒன்றே ஒன்றுக்குத்தான். அண்ணன் தம்பி பிரியும்போது, பத்திரம் எழுதுவதற்கு முன்பே, ஊரார் முன்னிலையில் அந்த வரப்பு எழும்பும். அதற்குப் பிறகு ஒரே அடுப்பு இல்லை. குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் அந்த மண்ணை வெட்டி எந்த ஊரிலும் யாரும் கண்டதில்லை.

“அண்ணி, என்ன காரியம் செய்றீங்க? அண்ணன் உசிரோட இருக்கையிலே பங்கு பிரிக்கிறீங்களா?”

அவள் நிமிர்ந்தாள். சத்தியமாக அவள் மனத்தில் நஞ்சுநீர் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. இல்லை தம்பி, தண்ணியைத் தடுக்கத்தான் என்று சொல்லியிருந்தால் கிளாட்சன் பெருமூச்சு விட்டிருப்பான். ஊரும் கலைந்து போயிருக்கும். நான்கு வரப்பிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர்களையும், பாதி எழும்பிய கரையையும் அவள் பார்த்தாள். உதட்டுக்கு வந்த சமாதானத்தை விழுங்கினாள்.

“ஆமா தம்பி. அப்படியே வச்சுக்குங்க. மேல ஒரு மா உங்க அண்ணனோடது. உங்க இஷ்டம்போல அடிங்க. கீழ மூணு மா என்னோடது. அதுல என்னைக் கேக்காம யாரும் கால் வைக்கக்கூடாது.”

“அண்ணன் என்ன சொல்லும்?”

“கேட்டுச் சொல்லுங்க. இன்னிக்கு ரொம்ப நேரம் பேசுறாங்க.”

கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். கிளாட்சனின் முகம் சிவந்தது. தெளிப்பான்காரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பொழுது சாய்வதற்குள் அவள் வரப்பை முடித்து, அதன் முதுகைக் காலால் மிதித்து இறுக்கினாள். மண்வெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனபோது இராஜாங்கம் சொன்னார்: “பயிர் கருகுச்சுன்னா இந்த வரப்புல நின்னு மூணு மா சாம்பலை அள்ளிக்க ஆயி.”

கீழ் மூன்று மாவின் நீரை அவள் அன்றே வடித்தாள். சேறு வெயில் கண்டது. நுஸைபா சொன்னது நடந்தது: மூன்றாம் நாள் வரப்புப் புல்லிலிருந்தும் வைக்கோல் கட்டுகளிலிருந்தும் உலர்நில வேடர்கள் உள்ளே இறங்கினார்கள். ஆனால் புகையானும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றே கால். ஒன்றரை. ஒரு விடியலில் ஐம்பதாவது மணியில் அவள் கணக்கு இரண்டைத் தொட்டு நின்றது. வடமூலையில் பாய் அளவுக்கு ஓரிடம் மஞ்சளித்திருந்தது. அவள் அந்த மஞ்சளின் நடுவே போய் நின்றாள். கிளாட்சனின் கடைக்குப் போய் ஒரு புட்டி கேட்டால் போதும். அவன் கொடுப்பான், கொஞ்சம் பேசிவிட்டுக் கொடுப்பான். ஊர் மன்னித்துவிடும். கணவன் மன்னித்துவிடுவான். அந்த மன்னிப்புக்கு விலை தன் வயல்தான் என்று அவளுக்குத் தோன்றியது. செபமாலையின் சிலுவையை முத்தமிட்டு, முதல் மணியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாள் ஒன்றே முக்கால். அதற்குப் பிறகு அது ஏறவில்லை.

மருந்து அடித்த வயல்களில் முதல் வாரம் பூச்சியே இல்லை. கிளாட்சன் நிமிர்ந்து நடந்தான். ஆனால் புகையான் தன் முட்டைகளை இலையுறையின் உள்ளே செருகி வைக்கும்; மேலே தெளித்த நஞ்சு அங்கே போவதில்லை. பன்னிரண்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. பாய்ந்து கவ்வ ஒரு வேடன் இல்லை. காவல் செத்த ஊரில் கள்ளர் புகுந்ததுபோல் அந்தக் குஞ்சுகள் வயலை ஆண்டன. கிளாட்சன் இரண்டாம் முறை அடித்தான். மூன்றாம் முறையும் அடித்தான். அவனுடைய வயலும், குறுக்கு வரப்புக்கு மேலே இருந்த அந்த ஒரு மாவும் மார்கழி முடிவதற்குள் வட்டவட்டமாகக் கருகிச் சாய்ந்தன. வரப்புக்குக் கீழே இரண்டு இடங்களில் சொட்டை விழுந்திருந்தது. மற்றதெல்லாம் கதிர் முற்றித் தலைசாய்த்து நின்றது. அந்த வரப்பில் நின்றால் இடக்கால் பக்கம் சாம்பல் நிறம், வலக்கால் பக்கம் பொன்னிறம். பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள்.

கதிர் முற்றும் முன் கடைசித் தண்ணீருக்கு அவளுக்கு வழியில்லாதிருந்தது. மேல் மாவின் வழியே நீர் விட அவள் ஒப்பவில்லை. கேட்காமலே இராஜாங்கம் தம் வரப்பில் ஒரு மடை வெட்டிக் கொடுத்தார். அவருடைய வயலிலும் ஒரு மூலை கருகியிருந்தது. அடுத்த குறுவைக்கு அவர் வரப்பில் புல் அப்படியே நின்றதை அவள் கவனித்துக் கேட்டபோது, “அண்டை வெட்ட ஆள் கிடைக்கல ஆயி, வேற ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சம்பா அறுப்பு முடிந்த வெள்ளிக்கிழமை, மூன்று மணி. பெரியநாயகசாமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நிலத்தைத் தம்பியிடம் விடுவதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. உடம்பைக் கேட்டான், வெயிலைக் கேட்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அதான் பயிர் தப்பிருச்சே. அந்தக் குறுக்கு வரப்பை வெட்டி விட்டுரு அருளு. ஊர்ல கண்டபடி பேசுறாங்களாம். இங்க கூட இருக்கிற நம்ம பக்கத்து ஆளுங்க வரைக்கும் வந்திருச்சு.”

“அதுல உளுந்து போட்டிருக்கேன்.”

“வரப்புலயா?”

“வரப்புலதான். பூத்திருக்கு. அடியில புல் இருக்கு. புல்லுல அதுங்க இருக்கு. நுஸைபா வந்து பார்த்துட்டு, பேர் தெரியாத மூணாவது வகை அதுலதான் நிறைய இருக்குங்குது.”

“ஒரு சிலந்திக்காகக் குடும்பம் ரெண்டுபட்டதா இருக்கணுமா?”

இந்தக் கேள்விக்கு அவள் சொற்களை அடுக்கி வைத்திருக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

“வரப்பு வேணாம்னா நீங்க வந்து வெட்டுங்க. மண்வெட்டி வீட்டுலதான் இருக்கு. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி என்கூட விடியக்காலையில இறங்கி ஐம்பது குத்து எண்ணணும். எண்ணிட்டு உங்களுக்கு வெட்டணும்னு தோணிச்சுன்னா அப்பப் பேசுவோம்.”

ஐந்து நிமிடம் ஆகிவிட்டதைக் கடிகாரம் காட்டியது; அவன் வைக்கவில்லை.

“குத்துக்கு எத்தனை இருக்கு?” என்றான் கடைசியில், பழைய உழவன் குரலில்.

“வந்து எண்ணுங்க,” என்று சொல்லி அவள் ரிசீவரை வைத்தாள். வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள். கோடை நடவின் நாற்றங்காலுக்கு விதையை ஊறவைத்துக் கட்ட வேண்டிய நாள் அது. வழியில் நிற்க நேரமில்லை.